வாரத்தில் ஒரு நாள் வகுப்பு... மீதி ஆறு நாள் மொட்டை மாடி! ஆயாவும் நானும் பழகும் சி-குங்

புதுச்சேரிக்காரர்களிடம் 'உடம்புக்கு என்ன பண்றீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோகா என்பார்கள். மீதிப் பேர் பீச் ரோட்டில் வாக்கிங் என்பார்கள். ஜனவரி பிறந்தாலே சர்வதேச யோகா திருவிழா நடக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், அதுவும் வில்லியனூரில் இருந்துகொண்டு, "நான் சி-குங் பண்றேன்" என்று சொன்னால் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "அது இன்னா, ஃப்ரைடு ரைஸ் கூட தொட்டுக்கறதா?"

இரண்டாவது கேள்வி: "ஏழாம் அறிவு படத்துல சூர்யா பண்ணுவாரே, அதுவா?"

இரண்டு கேள்விக்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால், நான் எழுத வந்தது மூன்றாவது கேள்வியைப் பற்றி. அதை எங்கள் ஆயா கேட்டார். அதற்குப் பதில் தேடித்தான் எங்கள் வீட்டில் பல விஷயங்கள் மாறின.

கழுத்துதான் ஆரம்பித்து வைத்தது

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை செய்கிறேன். செய்தி வந்த அடுத்த ஐந்து நிமிடத்தில் அது உங்கள் போனில் 'டிங்' என்று வர வேண்டும். அந்த 'டிங்'குக்குப் பின்னால் என்னைப் போல ஒருத்தர் லேப்டாப் முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதிகாலை ஷிப்ட், நைட் ஷிப்ட், தேர்தல் என்றால் இரண்டும் சேர்ந்த ஷிப்ட். பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. வயது இருபத்தாறு. கழுத்துக்கு மட்டும் அறுபது.

எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணும் இல்லம்மா. அசையாம உட்கார்றதுதான் வியாதி. தினமும் கொஞ்ச நேரம் மெதுவா அசைங்க" என்றார். அந்தச் சமயத்தில்தான் தோழி ஒருத்தி ஆரோவில் பக்கம் சனிக்கிழமை காலையில் நடக்கும் சி-குங் வகுப்புக்குக் கூட்டிப் போனாள். ஊசுட்டேரியை ஒட்டி ஸ்கூட்டியில் போனால் முக்கால் மணி நேரம். மரத்தடி, பத்துப் பன்னிரண்டு பேர், சத்தமே இல்லாமல் ஒரு மணி நேரம். சொல்லிக் கொடுப்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய நம்ம ஊர் டீச்சர். ஆங்கிலம் ஒரு வரி, தமிழ் ஒரு வரி என்று மாற்றி மாற்றிச் சொல்வார்.

முதல் நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டும்போது அவர் சொன்னது: "இது இங்க நடக்கிற ஒரு மணி நேரம் இல்லை. இங்க வர்றது பாடம் வாங்க. பயிற்சி உங்க வீட்டுல."

பெயரிலேயே இருக்கிறது

அப்படி அவர் சொன்னதற்குக் காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சீன மொழியில் 'சி' என்றால் மூச்சு, காற்று, உயிர்ச்சக்தி. கிட்டத்தட்ட நம்ம ஊரில் பிராணன், வாசி என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. 'குங்' என்றால் நாள்பட உழைத்துச் சேர்க்கும் தேர்ச்சி. குங்ஃபூவில் வருவதும் அதே 'குங்'தான். ஆக, ஒரே நாளில் வாங்கிவிட முடியாத ஒன்று என்பதைப் பெயர் வைத்தவர்களே சொல்லிவிட்டார்கள்.

பயிற்சி எவ்வளவு பழசு? சீனாவின் சாங்ஷா நகரில் மாவாங்துய் என்ற இடத்தில் 1973-ல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறை. உள்ளே கிடைத்த பட்டுத் துணி ஒன்றில் 44 மனித உருவங்கள் விதவிதமாகக் கை, கால்களை நீட்டி மடக்கி நிற்கின்றன. ஆண், பெண், இளசு, கிழடு எல்லோரும் அதில் இருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய உடற்பயிற்சி சார்ட்!

ஆனால், இந்தப் பயிற்சிகளுக்கெல்லாம் சேர்த்து 'சி-குங்' என்ற பொதுப்பெயர் பரவியது 1950-களில்தான். அதற்குக் காரணமானவர் லியு குய்சென். 1947 வாக்கில் அவருக்கு வயிற்றுப்புண் முற்றிப்போய், வேலையிலிருந்து சொந்த கிராமத்துக்குத் திரும்பினார். அப்போது வயது இருபத்தேழோ என்னவோ. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொண்டு, 102 நாள் விடாமல் செய்து தேறினார் என்பது அவரைப் பற்றிய பிரபலமான வரலாறு. பிறகு மருத்துவமனைகளில் அதைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. கிட்டத்தட்ட என் வயதில், வேலையால் உடம்பு கெட்டு ஊர் திரும்பிய ஒரு ஆள் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.

சரி, போதிதர்மர்? 'யி ஜின் ஜிங்' என்ற பயிற்சியை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது சீனாவில் வழக்கம். தசைகளையும் தசைநாண்களையும் வலுவாக்கும் பயிற்சி அது. ஆனால், அந்த நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்து. போதிதர்மரோ அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தையவர். அதனால் 'நம்ம காஞ்சிபுரத்துக்காரர் கொடுத்தது' என்று மார்தட்ட வேண்டாம். சூர்யா ரசிகர்கள் மன்னிக்கவும்.

நான் கற்றுக்கொண்டது 'பா துவான் ஜின்'. 'எட்டுத் துண்டுப் பட்டு' என்று அர்த்தம். சோங் அரசர்கள் காலத்திலிருந்தே பெயர் சொல்லப்படும் எட்டு அசைவுகள். 2003-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை பொதுமக்களுக்காகத் தேர்ந்தெடுத்து ஒழுங்குபடுத்திய நான்கு பயிற்சிகளில் இதுவும் ஒன்று. எட்டையும் செய்து முடிக்க 12 முதல் 15 நிமிடம். பாய் வேண்டாம், தனி உடை வேண்டாம், உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டாம். நிற்க இரண்டு அடி இடம் போதும்.

வகுப்பில் வருகிறது, வீட்டில் வரவில்லை

இதை எந்த வகுப்புக்குப் போகிறவரும் ஒப்புக்கொள்வார்கள். பரதமோ, சிலம்பமோ, கீபோர்டோ... டீச்சர் முன்னால் நின்றால் எல்லாம் தானாக வரும். வீட்டில் தனியாக நின்றால், மூன்றாவது அசைவுக்கு அப்புறம் என்ன என்று கை அந்தரத்தில் தொங்கும்.

சி-குங்கில் இது இன்னும் அதிகம். ஜிம்மில் வியர்வை வரும், ஓடினால் மூச்சு வாங்கும், 'ஏதோ செய்தோம்' என்று தெரியும். இதில் வெளியில் ஒன்றுமே தெரியாது. கையை மெதுவாகத் தூக்குகிறோம், மெதுவாக இறக்குகிறோம். மூன்றாவது நிமிடம் மனசு, 'மெயில் வந்திருக்குமோ?' என்று கேட்கும். ஐந்தாவது நிமிடம் அம்மா, "சும்மாதான நிக்கிற, பால் பொங்குது பாரு" என்பார்.

வாட்ஸ்அப்பில் டீச்சர் எங்களுக்கு வீடியோ அனுப்புவதில்லை. கேட்டதற்கு, "போனைப் பார்த்துக்கிட்டே பண்ணினா கழுத்து மறுபடி அங்கேயேதான நிக்கும்?" என்று சிரித்தார். அதற்குப் பதிலாக ஒரு வழி சொன்னார். வாரத்துக்கு ஒரே ஒரு அசைவு. அதை மட்டும் ஆறு நாளும் வீட்டில் செய்ய வேண்டும். சனிக்கிழமை வந்து காட்ட வேண்டும். அவர் முழங்காலையோ தோளையோ லேசாகத் தொட்டு இடம் மாற்றுவார். அடுத்த வாரம் அடுத்த அசைவு. எட்டு வாரத்தில் எட்டும் கைக்கு வந்துவிடும்.

இப்படித்தான் எங்கள் வீட்டு மொட்டை மாடி என் பயிற்சிக்கூடம் ஆனது. வடகம் காயும் இடத்துக்கும் தண்ணீர் டேங்குக்கும் நடுவில் கொஞ்சம் இடம். அங்கிருந்து பார்த்தால் திருக்காமீஸ்வரர் கோயில் கோபுரம் தெரியும். ஷிப்டுக்கு முன்னால் கால் மணி நேரம்.

பக்கத்து மாடியில் துணி காயப்போடும் அக்கா ஒரு வாரம் பார்த்தார். இரண்டாவது வாரம் அம்மாவிடம், "பாப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தார். மூன்றாவது வாரம் அவருக்கும் பழகிவிட்டது.

ஆயா கேட்ட கேள்வி

எங்கள் ஆயாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, எழுபத்தாறு வயது. நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு என்று எல்லா வேலையும் செய்த உடம்பு. போன ஐப்பசி அடைமழையில் தோட்டத்துப் பக்கம் போனவர், பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. இடுப்பு எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னதும்தான் அப்பாவுக்கு உயிர் வந்தது.

கை கூடிவிட்டது. பயம் கூடிக்கொண்டே போனது.

கட்டுப் பிரித்த பிறகும் ஆயா வாசலைத் தாண்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடக்கும்போது கண் முழுக்கத் தரையில். மூன்று வேளையும் சாப்பாடு கட்டிலுக்கே வர வேண்டும். வெள்ளிக்கிழமை கோயில் நின்றது. பின்வீட்டுத் திண்ணையில் நடக்கும் சாயங்காலக் கச்சேரி நின்றது. நடக்காததால் கால் சோர்ந்தது. கால் சோர்ந்ததால் பயம் அதிகமானது. பயத்தால் இன்னும் நடக்கவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு, பாகூர். ஆயாவின் தங்கை, எங்கள் சின்ன ஆயா, பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறார். மாதம் ஒரு முறையாவது ஆயா பஸ் ஏறி, கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். போனில் பேசலாமே என்பீர்கள். சின்ன ஆயாவுக்குக் காது மந்தம். நேரில் முகத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசினால்தான் பேச்சு. போனில் இரண்டு பேரும் "ஆங்... ஆங்?" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். வைத்த பிறகு ஆயா ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"ஆட்டோவுல கூட்டிப் போறேன்" என்றார் அப்பா. "எதுக்கு? மூட்டை மாதிரி ஏத்தி இறக்கவா? அவ பார்த்தா அழுவா" என்றார் ஆயா. பைக்கில் ஏற பயம். பஸ் என்றால் அந்த முதல் படி. நம்ம ஊர் பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? ஒரு காலைத் தூக்கி வைத்து, அந்த ஒற்றைக் காலில் மொத்த உடம்பையும் ஏற்ற வேண்டும். அதுவும் கண்டக்டர் விசில் ஊதுவதற்குள்.

பொங்கல் முடிந்த ஒரு காலையில், பனி அதிகம் என்பதால் மாடிக்குப் போகாமல் வாசலிலேயே பயிற்சி செய்துகொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆயா கேட்டார்.

"ஏம் பாப்பா, இத பண்ணா உழாம நடக்கலாமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால் நானும் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை. "கேட்டுச் சொல்றேன் ஆயா" என்றேன்.

தேடிப் பார்த்ததில் கிடைத்தது

தேடுவதுதானே என் வேலை. 'சி-குங் செய்தால் எல்லா நோயும் பறந்துவிடும்' என்கிற பக்கங்களை எல்லாம் தள்ளிவிட்டு, முறையான ஆய்வு எது என்று பார்த்தேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது: விழுந்து அடிபடுவதால் உலகத்தில் வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இதில் 80 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில்.

சி-குங்கின் நெருங்கிய சொந்தம் தாய்-சி. அதே மெதுவான அசைவு, அதே எடை மாற்றல். 2018-ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எல்லோரும் அதற்கு முந்தைய வருஷம் விழுந்தவர்கள், அல்லது நடக்கச் சிரமப்படுகிறவர்கள். வாரம் இரண்டு முறை, 24 வாரம். ஒரு குழுவுக்கு உடலை நீட்டி மடக்கும் பயிற்சி, இன்னொன்றுக்குப் பல வகை உடற்பயிற்சி, மூன்றாவதுக்கு சமநிலைக்காகவே அமைத்த தாய்-சி. நீட்டி மடக்கும் குழுவோடு ஒப்பிட்டால், தாய்-சி குழுவில் விழுவது 58 சதவீதம் குறைந்தது. பல வகைப் பயிற்சிக் குழுவை விடவும் 31 சதவீதம் குறைவு.

ஏன் என்றும் படித்தேன். நாம் நடப்பது என்பது ஒவ்வொரு அடியிலும் ஒரு நொடி ஒற்றைக் காலில் நிற்பது. வேகமாக நடக்கும்போது அது தெரியாது. மெதுவாக எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிப் பழகும்போது, கணுக்காலும் பாதமும் 'உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது' என்பதை மறுபடி உணர ஆரம்பிக்கின்றன. தொடையும் கெண்டைக்காலும் வலுவாகின்றன. தரையைப் பார்க்காமல் நேராகப் பார்த்து நடக்கத் தைரியம் வருகிறது.

இதெல்லாம் தசை, நரம்பு சம்பந்தப்பட்ட விஷயம். உடம்புக்குள் 'சி' ஓடுகிறதா என்று கேட்டால், அதை அளக்கிற கருவி எதுவும் இல்லை. எங்கள் டீச்சரே, "கை வெதுவெதுன்னு இருந்தா சந்தோஷப்படுங்க. இல்லைன்னா கவலைப்படாதீங்க" என்பார். ஆயாவுக்கும் 'சி' தேவைப்படவில்லை. பஸ் படி ஏறினால் போதும்.

பிளாஸ்டிக் சேர், ஜன்னல் கம்பி, எட்டு அசைவு

கை பார்த்த டாக்டரிடம் முதலில் அனுமதி கேட்டோம். பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும், குனிகிற பயிற்சி வேண்டாம், கூட ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றார். டீச்சரிடம் சொன்னேன். ஆயாவுக்காக எட்டையும் ஒருமுறை பிரித்து மாற்றிக் கொடுத்தார். அதுவும் என் வழியாகத்தான். சனிக்கிழமை நான் கற்றுவந்து, ஞாயிற்றுக்கிழமை ஆயாவுக்கு.

முதல் அசைவு, இரண்டு கையாலும் வானத்தைத் தாங்குவது. விரல்களைக் கோர்த்து, உள்ளங்கையை மேலே திருப்பி, மெதுவாகத் தலைக்கு மேல். இதை ஆயா முதல் இரண்டு வாரம் சேரில் உட்கார்ந்தே செய்தார். "பரண் மேல இருந்து அண்டா எறக்குற மாதிரி" என்று அவரே பெயர் வைத்தார்.

இரண்டாவது, வில்லை வளைத்துக் கழுகை எய்வது. ஒரு கை நீண்டு, ஒரு கை மடங்கி, பார்வை நீட்டிய விரலில். "வில்லியனூர்க்காரி வில்ல புடிக்காம?" என்று இதில் மட்டும் தனி உற்சாகம். எங்கள் ஊர்ப் பெயருக்கும் வில்லுக்கும் சம்பந்தமில்லை, வில்வ மரங்கள் இருந்த வில்வநல்லூர்தான் வில்லியனூர் ஆனது என்பார்கள். அதை ஆயாவிடம் சொல்லி உற்சாகத்தைக் கெடுக்கவில்லை.

மூன்றாவது, ஒரு கை மேலே, ஒரு கை கீழே. நான்காவது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. இது எனக்கான மருந்து. ஐந்தாவது, குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி நின்று தலையையும் இடுப்பையும் ஆட்டுவது. ஆறாவது, குனிந்து பாதத்தைத் தொடுவது. இந்த இரண்டும் ஆயாவுக்குக் கிடையாது. அந்த நேரத்தில் இரண்டு பாதத்தையும் தோள் அகலத்துக்கு வைத்து, எடையை இடதுக்கும் வலதுக்கும் மாற்றிக்கொண்டே நிற்பார். ஏழாவது, முஷ்டி மடக்கிக் கண்ணை உருட்டிப் பார்ப்பது. "இத எனக்கு நீ சொல்லித் தரணுமா? உங்க தாத்தாவ கேட்டிருந்தா தெரியும்" என்றார்.

எட்டாவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஏழு முறை. வழக்கமாகக் குதிகாலை லேசாக 'தொப்' என்று விட வேண்டும். ஆயா அப்படி விடாமல், மெதுவாகத்தான் இறக்குவார். ஜன்னல் கம்பியை இரண்டு கையால் பிடித்து ஆரம்பித்தார். பிறகு ஒரு கை. பிறகு ஒரு விரல். பின்னால் எப்போதும் சேர். பக்கத்தில் நான், இல்லையென்றால் அம்மா.

எங்கள் வீட்டில் உருவான சில பழக்கங்களைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

நேரத்தைக் கடிகாரத்தில் வைக்காமல் ஒரு வேலையோடு சேர்த்து வைத்தோம். காலையில் டீ கொதிப்பதற்கு முன் பயிற்சி. பயிற்சி முடிந்தால்தான் டீ. இப்போது என் அம்மாவே, "டீ போடப் போறேன், நின்னுட்டீங்களா?" என்று கேட்கிறார்.

எந்த அசைவையும் முழுசாகச் செய்ய முயலவில்லை. முடிந்ததில் எழுபது சதவீதம் போதும் என்பது டீச்சரின் கணக்கு. மீதி முப்பது நாளைக்கு.

மூச்சை எண்ணுவதில்லை, அடக்குவதும் இல்லை. கை ஏறும்போது உள்ளே, இறங்கும்போது வெளியே. குழப்பம் வந்தால் மூச்சை மறந்துவிட்டு இயல்பாக விட வேண்டும்.

முழங்கால் பாதவிரலைத் தாண்டக் கூடாது. வலித்தால் நிறுத்த வேண்டும். தலை சுற்றினால் உடனே உட்கார வேண்டும்.

மனசு சரியில்லாத நாளில், உடம்பு முடியாத நாளில், எட்டும் வேண்டாம். எட்டாவதை மட்டும் செய்தால் அன்றைய கணக்கு முடிந்தது. ஒரு நாள்கூட 'பூஜ்யம்' இல்லை என்கிற அந்த நினைப்பு மறுநாளைக் காப்பாற்றும்.

கரிக்கலாம்பாக்கம் வழி, பாகூர்

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் ஒரு நாள், அடுப்படியிலிருந்து தட்டோடு ஆயா கட்டிலுக்கு நடந்து வந்தார். ஒரு கையில் சோறு, ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு. இரண்டு கையிலும் பொருள் இருந்தால் சுவரை எப்படிப் பிடிப்பது? அம்மாதான் முதலில் கவனித்து எனக்குக் கண்ணைக் காட்டினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பயம் ஞாபகத்துக்கு வந்துவிடுமே.

பங்குனியில் தெருமுனைக் கடை. பிறகு வெள்ளிக்கிழமை கோயில். அங்கே கல்படியில் ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது கைப்பிடிக் கம்பி.

இடையில் ஒரு வாரம் முழுக்க முதுகுவலி என்று கட்டிலை விட்டு எழவில்லை. 'எல்லாம் பழையபடி ஆகிடுச்சு' என்று அப்பா சோர்ந்துபோனார். அந்த வாரம் ஆயா உட்கார்ந்தபடி முதல் அசைவை மட்டும் செய்தார். அண்டா இறக்கினார், ஏற்றினார். அடுத்த வாரம் மறுபடி ஜன்னல் கம்பிக்கு வந்தார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பாப்பா, உனக்கு இன்னைக்கு லீவு தான? வா, பாகூர் போலாம்" என்றார்.

பஸ் வந்தது. முன்னால் அப்பா ஏறி நின்றார். பின்னால் நான். ஆயா வலது கையால் கம்பியைப் பிடித்தார். இடது காலைப் படியில் வைத்தார். ஒரு நொடி நின்றார். எடை அந்தக் காலுக்குப் போவதை நான் பார்த்தேன். எத்தனை காலை அந்த வாசலில் அதைப் பார்த்திருக்கிறேன்! ஏறிவிட்டார். கண்டக்டர், "மெதுவா வா ஆயா, அவசரமில்ல" என்று விசிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு எங்கள் வீட்டின் சார்பில் நன்றி.

பாகூரில் சின்ன ஆயா வாசலிலேயே நின்றிருந்தார். அக்காவைப் பார்த்ததும் பேசவில்லை. கையைப் பிடித்து மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் முகத்துக்கு முகம் வைத்துப் பேச உட்கார்ந்தார்கள். ஆறு மாதப் பேச்சு. அப்பாவும் நானும் அந்தப் பக்கமே போகவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு ஏரிக்கரைக்குப் போனோம். தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து சேரும் ஏரி அது. சிங்காரி, பங்காரி என்ற இரண்டு பெண்கள்தான் ஏரியையும் வாய்க்காலையும் வெட்டினார்கள் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். கரையில் நின்றுகொண்டு ஆயா, தங்கைக்கு வில் பிடிப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். காது கேட்காவிட்டால் என்ன, பார்த்துச் செய்கிற விஷயம்தானே! சின்ன ஆயா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

ஆயா இன்னும் மழை நாளில் தோட்டத்துப் பக்கம் தனியாகப் போக மாட்டார். அந்தப் பாசிக் கல்லை அப்பா பெயர்த்துவிட்டு சொரசொரப்பான சிமென்ட் போட்டுவிட்டார். இரவில் எரிய ஒரு பல்பு. பயிற்சி எவ்வளவு முக்கியமோ, அந்தக் கல்லை எடுத்ததும் அவ்வளவு முக்கியம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

என் கழுத்து? எண்பது சதவீதம் தேவலாம். மீதி இருபதுக்கு ஷிப்டுதான் மாற வேண்டும். சனிக்கிழமை வகுப்புக்கு இப்போதும் போகிறேன். கிளம்பும்போது ஆயா வாசலில் நின்று ஒரே ஒரு வேலைதான் சொல்வார்: "பாப்பா, அந்தக் குதிரை ஒக்கார்றத என்னால பண்ண முடியுமான்னு உங்க டீச்சர கேட்டுட்டு வா."

இந்த வாரம் கேட்க வேண்டும்.